ஜூன் இரண்டில் பிறந்தவர்கள்

ஜெயபாய் டீச்சருக்கு மனிதர்களைக் கண்டாலே இளக்காரம். செட்டியார்பட்டிக்கும் தளவாய்புரத்துக்கும் நடுவில் இருக்கிற ஒரு எய்டட் பள்ளிக்கு இருபது வருடமாக அவள்தான் தலைமையாசிரியை. நைட்டி தைக்கிறவர்கள், மில்லுக்குப் போகிறவர்கள், ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறிப் பாதி வருடம் கண்ணில் படாதவர்கள், இவர்களுடைய பிள்ளைகள்தான் அங்கே படித்தார்கள். பெற்றோரை டீச்சர் ஒரே சொல்லில் முடித்துவிடுவாள். "சனங்க" என்பாள். சொல்லும்போது உதடு ஒரு பக்கமாகக் கோணும்.

அப்பேர்ப்பட்டவள் வருடத்தில் இரண்டு மாதம் மட்டும் அதே சனங்களின் வாசலில் போய்ப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பாள். ஆகஸ்டு முதல் தேதி கணக்கெடுப்பு. அன்றைக்குப் பதிவேட்டில் பிள்ளைகள் குறைந்தால் ஒரு ஆசிரியர் பணியிடம் பறிபோகும். மஞ்சள் வேன் விட்ட இங்கிலீஷ் மீடியம் பள்ளி வந்ததிலிருந்து பிள்ளை பிடிப்பது பெரும்பாடாகிவிட்டது. ஐந்து வயதுப் பிள்ளை அகப்படாத வருடங்களில் நாலு வயதுப் பிள்ளையைப் பிடித்து ஐந்தாக்கிவிடுவாள் டீச்சர். பள்ளி திறக்கும்போது ஐந்து நிறைந்திருக்க வேண்டுமல்லவா? அதனால் அப்படிச் சேர்த்த அத்தனை பேருக்கும் பிறந்த தேதி ஜூன் இரண்டு.

இதை வேறு பள்ளிகளிலும் செய்தார்கள்தான். ஆனால் டீச்சர் அதற்கு விழாவும் எடுத்தாள். வருடா வருடம் ஜூன் மாதம் அந்தப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்து, மற்றப் பிள்ளைகளைக் கைதட்டச் சொல்லுவாள். முழுச் சேர்க்கைக்காக ஒரு விருதுகூட வாங்கினாள். அதைச் சட்டம் போட்டுத் தன் தலைக்கு மேலேயே மாட்டி வைத்திருந்தாள். அதில் தூசி இருந்தால் சத்துணவு ஆயா பொன்மணிக்கு அன்றைக்கு நல்ல நாள் இல்லை.

பதிமூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஜூலையில், கணக்குக்கு ஒரு பிள்ளை குறைந்தது. டீச்சர் நேரே பாண்டிசெல்வியின் வீட்டுக்குப் போனாள். பாண்டிசெல்வி நைட்டிக்கு ஓவர்லாக் அடிக்கிறவள். அவள் மகன் பிரேம்குமார் வெட்டுத்துணிக் குவியலில் படுத்து விளையாடிக்கொண்டிருந்தான்.

"இவன் கார்த்திகையில பொறந்தவன் டீச்சர். தோட்டத்து லைன் வீட்டுல வச்சிப் பொறந்தான். நாலரைதான் ஆகுது, அடுத்த வருசம் சேக்கேன்" என்றாள் பாண்டிசெல்வி.

"ஏட்டி, அதுவரைக்கும் வீட்ல வச்சிக்கிட்டு என்னத்தக் கிழிக்கப்போற? அங்க சோறு போடுதோம், சட்டை குடுக்கோம். வயச நான் பாத்துக்கிடுதேன். இந்தா, இதுல கையெழுத்துப் போடு."

போட்டாள். டீச்சர் சொன்னால் மறுபேச்சு ஏது? தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் எதுவும் கிடையாது. அதனால் டீச்சர் எழுதியதே அவனுக்கு அரசாங்கத் தேதியாகிவிட்டது. பையனுக்கோ அது அதைவிடப் பெரிதாகப் போயிற்று. கார்த்திகையில் அம்மா பாயசம் வைத்தால், "ஒனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. ஜூன் ரெண்டுன்னு டீச்சர் எழுதியிருக்காவ" என்பான். கேட்டுக் கேட்டு ஒரு வருடம் பாயசம் வைப்பதையே அவள் விட்டுவிட்டாள்.

போன வருடம் ஜூன் இரண்டு கழிந்த மறுவாரமே, பதினெட்டு ஆகிவிட்டது என்று சான்றிதழைக் காட்டி ஒரு மில்லில் சேர்ந்தான். அங்கே இரண்டு தடியன்களோடு பழக்கம். புரட்டாசிச் சனிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் மலைமேல் இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்க நடந்து போன ஒரு அம்மாளின் கழுத்துச் சங்கிலியை அந்தத் தடியன்கள் அறுத்தார்கள். பைக்கை ஓட்டியது பிரேம்குமார். அந்த அம்மாள் விழுந்து இடுப்பெலும்பு உடைந்துபோனாள். அவன் செய்தது சின்னத் தப்பென்று யாரும் சொல்ல முடியாது. போலீஸ் வயதைக் கேட்டபோது நெஞ்சை நிமிர்த்திப் பதினெட்டு என்றான், மடையன்.

நிஜத்தில் அவனுக்குப் பதினெட்டு நிறைய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. இலவசச் சட்ட உதவிக்கு வந்த வக்கீல் கல்பனா, பையன் சிறுவன் என்று மனுப் போட்டாள். பள்ளிப் பதிவேட்டோடு நேரில் வரச் சொல்லி டீச்சருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது.

டீச்சர் பட்டுச்சேலையில் போனாள். கோர்ட் வராந்தாவில் காத்துக் கிடந்தவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கைக்குட்டையால் பெஞ்சைத் துடைத்து உட்கார்ந்தாள். கல்பனா பக்கத்தில் வந்து குனிந்து சொன்னாள்:

"மேடம், உள்ளத உள்ளபடி சொல்லிருங்க, போதும். இளஞ்சிறார் நீதிக் குழுமத்துக்குப் போனான்னா, அதிகம் போனா மூணு வருசம் சிறப்பு இல்லத்துல இருப்பான், ஒரு தொழில் கத்துக்கிடுவான். இங்கயே கேஸ் நடந்தா பெரிய ஆளுங்களோட பத்து வருசம் ஜெயில்ல கெடப்பான். வெளிய வரும்போது அவன் எப்படி வருவான்னு நீங்களே யோசிங்க."

"நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் டீச்சர். பதிமூன்று வருடத்துக்கு முன் பாண்டிசெல்வியிடமும் இதையேதான் சொன்னாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். கல்பனா பதிவேட்டை விரித்து, நீதிபதியம்மாவுக்குத் தெரியும்படி விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தினாள். அந்த வருடம் சேர்ந்தவர்கள் இருபத்துமூன்று பேர். அதில் பதினோரு பேர் ஜூன் இரண்டு.

"ஒங்க ஊர்ல ஒரே நாள்ல பதினோரு பிள்ளைங்க பொறந்துச்சா மேடம்?"

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. நேற்றுப் பெய்த மழையில் முளைத்த வக்கீல் தன்னைக் கேள்வி கேட்பதாவது!

நீதிபதி சிரிக்கவில்லை. "இந்தத் தேதி யார் சொன்னது? யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

டீச்சர் யோசித்தாள். பணி ஓய்வுக்குப் பத்து மாதம் இருந்தது. மேடை, மாலை, கல்வி அதிகாரியின் பேச்சு எல்லாம் கண்முன் வந்தன. பொய்த் தேதி என்று ஒத்துக்கொண்டால் பதினொன்றோடு நிற்குமா? இருபது வருடப் பதிவேட்டையும் கிளறுவார்கள். விருதைப் பிடுங்குவார்கள். கூண்டில் நின்ற பையன் பக்கம் அவள் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் சொல்லியிருப்பாளோ என்று இரக்கப்பட்டு எழுத எனக்கு மனமில்லை.

"தாயார் சொன்ன தேதிதாங்கம்மா. கையெழுத்தும் போட்டிருக்கு. இந்தச் சனங்க வாய்க்கு வந்ததச் சொல்லிட்டுப் போயிருவாங்க, நாம எழுதிக்கத்தான் முடியும்."

பாண்டிசெல்வி பின்வரிசையிலிருந்து எழுந்தேவிட்டாள். டவாலி கையை அமர்த்தி உட்காரச் சொன்னார்.

நீதிபதி பையனைக் கேட்டார்: "அம்மா கார்த்திகைங்காங்க. நீ என்ன சொல்ற?"

வராந்தாவில் வைத்து கல்பனா அவனுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஆனால் இப்போது டீச்சர் எதிரில் நின்றாள். கைகட்டிக்கொண்டான்.

"ஜூன் ரெண்டும்மா. எங்கம்மாவுக்குத் தெரியாது. டீச்சர் எழுதுனதுதான் சரி."

கல்பனா பேனாவை மூடிப் பையில் போட்டாள். பள்ளிச் சான்றுதான் முதல் ஆதாரம், தாயின் கையெழுத்து இருக்கிறது, பையனே ஒத்துக்கொள்கிறான், மற்றப் பத்துப் பேரின் பிறந்தநாள் இந்த வழக்கில் கேள்வியில்லை என்று சொல்லி, மதியத்துக்குள் மனு தள்ளுபடியானது. பிரேம்குமாரைப் பெரியவர்களுக்கான வேனில் ஏற்றினார்கள். ஏறும்போது டீச்சரைப் பார்த்து, "போய்ட்டு வாரேன் டீச்சர்" என்றான்.

டீச்சர் பதிவேட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வேப்பமரத்தடியில் பாண்டிசெல்வி நின்றாள். ஏசப்போகிறாள் என்று டீச்சர் உதட்டைக் கோணித் தயாரானாள். பாண்டிசெல்வியின் குரல் உயரவே இல்லை.

"பதிமூணு வருசமா எம்பிள்ள ஒங்கள நம்பி, என்னயப் பொய்க்காரின்னான், டீச்சர். இன்னைக்காவது அவங்கிட்ட நீங்க சொல்லிருவீகன்னு நெனச்சேன்."

சொல்லிவிட்டு, வேன் போன பக்கமாக நடந்தாள்.

டீச்சர் ராஜபாளையம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்தாள். நன்றிகெட்ட சனங்க, சோறு போட்டு எழுத்துச் சொல்லிக் கொடுத்ததற்கு இதுதான் மரியாதை என்று பக்கத்து சீட்டுக்காரியிடம் ஆரம்பித்தாள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். டீச்சர் பையைத் திறந்து பதிவேட்டை மடியில் விரித்தாள். பிரேம்குமாரின் வரி, குண்டு குண்டான எழுத்து, ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. இப்படி எழுத இந்தக் காலத்து வாத்தியார் எவருக்கு வரும் என்று நினைத்தபடி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டு இன்னொரு முறை பார்த்தாள்.