மழையில் எடுத்த பாலிசி

தலையில் உப்புக் கூடை ஏறியதும்தான் சின்னப்பாப்பா அக்காவுக்குச் சிரிப்பு பிய்த்துக்கொண்டு வரும். ஒற்றையடி வரப்பு, இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர், எதிரே இன்னொரு கூடைக்காரி. அவளிடம் ஏதாவது கிண்டலைச் சொல்லிவிட்டுத் தானே உடம்பு குலுங்கச் சிரிப்பார். கூடை மட்டும் அசையாது. பெயரைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். ஐம்பதைத் தாண்டியவர். மரக்காணம் கடைத்தெருவில் இருக்கும் என் ஜெராக்ஸ் கடைக்குள் பக்கவாட்டில்தான் நுழைவார்.

நுழைந்ததும் ஒரே கேள்வி. "தம்பி, இந்த பாலிசிய இன்னா பண்ணலாம், சொல்லு."

இந்தக் கேள்விக்குத் தப்பியவர் ஊரில் யாருமில்லை. டீக்கடைக்காரர், பஸ் கண்டக்டர், கடைசியில் மாதா கோயில் ஃபாதரையும் விடவில்லை. ஃபாதர் ஜெபம் பண்ணச் சொன்னாராம். "ஜெபம் பண்ணா டியூ தேதிய தள்ளி வெப்பாங்களா சாமி?" என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார்.

அது முழு ஆயுள் பாலிசி. அக்கா கண்ணை மூடினால்தான் பணம், அதுவும் கணவர் அய்யனாருக்கு. வெயிலில் உப்பின் வெள்ளையைப் பார்த்துப் பார்த்து அந்த மனிதருக்குப் பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. பிள்ளைகள் கிடையாது. "எனக்கு ஒண்ணு ஆச்சின்னா மாமாவுக்கு யாரு சோறு போடறது?" என்பார் அக்கா. அவர் சிரிக்காமல் சொல்கிற ஒரே வாக்கியம் இதுதான்.

ஆனால் உப்பளத்துக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பைச் செய்துவிட்டார். மழைக்காலத்தில் அளம் மூடிக் கிடக்கும், எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். ஏஜெண்ட்டும் அதைப் பார்த்துத்தான் வந்தார். சும்மா உட்கார்ந்திருந்த குஷியில் அக்கா பெரிய தொகைக்கே கையெழுத்துப் போட்டார். ஆகவே வருஷா வருஷம் வேலையே இல்லாத அடைமழையில்தான் பிரீமியம் கட்ட வேண்டும். சுனாமியில் பாத்தியெல்லாம் சேறானதற்கு அடுத்த மழையில் தோட்டை விற்றுக் கட்டினார். இந்த வருஷம் விற்கக் காதில் ஒன்றுமில்லை. கட்டாமல் விட்டால் பாலிசி போய்விடும் என்று பயம்.

அய்யனார் சரண்டர் கட்சி, பாலிசியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பார். "வந்தத வாங்கினு வா. ஒரு பொட்டிக்கடை வெச்சா உக்காந்த இடத்துல பாத்துக்குவேன்."

"நீ பாப்பே. பீடி கேட்டவனுக்கு ஊதுபத்தி குடுப்பே."

இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பாலிசி அப்படியே கிடக்கும்.

கெடு முடியப்போகும் நேரத்தில், போன வாரம், என்னையும் கடையைச் சாத்த வைத்துத் திண்டிவனம் ஆபீசுக்கு இழுத்துப் போனார்கள். ரேணுகா என்று ஒரு மேடம் பொறுமையாகச் சொன்னார். "சரண்டர் பண்ணா கட்டுனதுல கொஞ்சந்தான் வரும். பாலிசி மேல லோன் எடுத்துக் கட்டலாம், ஆனா வட்டி ஏறும். இல்லன்னா, மூணு வருஷம் கட்டிட்டீங்க இல்ல, இதோட நிறுத்திக்கலாம். தொகை குறைஞ்சிடும். ஆனா பாலிசி அப்படியே இருக்கும், இனிமே நீங்க கட்ட வேணாம்."

"கட்டவே வேணாமா? மழைக்குங்கூட?"

"எந்தக் காலத்துக்கும் வேணாம்மா."

"இவருக்குக் கஞ்சிக்கு ஆவுமா மேடம்?"

"கஞ்சிக்கு ஆகும்."

அக்காவுக்கு முகமெல்லாம் பல். கையெழுத்தைப் போட்டுவிட்டு, பக்கத்தில் வரிசையில் நின்ற முன்பின் தெரியாத அம்மாளின் கன்னத்தைக் கிள்ளினார். எனக்கும் தலைகால் புரியவில்லை, இத்தனைக்கும் பாலிசி என்னுடையது அல்ல.

அய்யனார் மட்டும் உர்ரென்று வந்தார். படியிறங்கும்போது, "கொறைஞ்சாலும் அது நீ செத்து வர்ற காசுதான் பாப்பா, எனக்கு வேணாம்" என்றார்.

"வாய மூடினு வா மாமா. நூறு வயசு இருந்து அந்த ஆபீசையே அழ வெக்கிறேன் பாரு."

ரோட்டில் பஸ்ஸும் லாரியும் உரசுவதுபோலப் போய்க்கொண்டிருந்தன. அக்காவின் தோளைப் பிடித்து நடந்த அய்யனார், சத்தம் வந்த பக்கம் காதைக் கொடுத்துச் சற்று நின்றார். பிறகு அக்காவைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டு, வண்டிகள் வரும் பக்கத்துக்குத் தான் மாறிக்கொண்டு, "ம், நட" என்றார்.