விசிறிக்கு ஊற்றிய தண்ணீர்

கவரைப்பேட்டைக்கு வடக்கே, கல்கத்தா ரோட்டை ஒட்டி எங்கள் வீடு. அந்த ரோட்டோரம் குடியிருந்தவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ரேடியேட்டர் கொதித்து, ஆவி கக்கிக்கொண்டு எந்த லாரி வந்து நின்றாலும் டிரைவர் வாய் திறந்து கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். கேட்ட பிறகு கொடுத்தால் அது தண்ணீர் இல்லையாம், பிச்சையாம். எங்கள் வீட்டில் அந்த ஓட்டம் அத்தையுடையது.

அத்தை என் நைனாவின் தங்கை. ஊத்துக்கோட்டையில் கட்டிக்கொடுத்து, குழந்தை இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவள். அனுப்பியவர்கள் சும்மா அனுப்பினார்களா? ‘ராசியில்லாத கை, தொட்டது எதுவும் விளங்காது’ என்று ஒரு பேச்சையும் கூடவே அனுப்பிவைத்தார்கள். அவளுக்கு முன்பே அது ஊர் வந்து சேர்ந்துவிட்டது. விதை நெல் அளக்கவோ விளக்கேற்றவோ யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை. சூளூர்ப்பேட்டையில் ஒரு பெரிய வீட்டில் சமையலுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவது என்று நைனா முடிவு செய்திருந்தார். போகமாட்டேன் என்றாள் அத்தை. அவள் சொல்லைக் காதில் வாங்க அந்த வீட்டில் நான் ஒருத்திதான் இருந்தேன். எனக்கோ ஒன்பது வயது.

அப்படியிருக்கையில் ஒரு சித்திரை மாதத்து மத்தியானம், எங்கள் வீட்டுக்கு முன்னால் ஒரு வீடே வந்து நின்றது. பஸ் நீளத்துக்கு ஒரு வண்டி. உள்ளே கட்டில், அடுப்பு, ஜன்னலுக்குத் திரை எல்லாம் இருந்தன. ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும் அதிலேயே குடித்தனம் நடத்திக்கொண்டு தேசம் தேசமாகச் சுற்றி வந்திருக்கிறார்கள். மறுநாள் காலை மெட்ராஸ் துறைமுகத்தில் வண்டியோடு கப்பல் ஏறி மலேயா போக வேண்டுமாம். வெயிலில் எஞ்சின் சூடேறிவிட்டதால் நிறுத்தியிருந்தார்கள்.

அந்த வண்டிக்கு எஞ்சின் பின்பக்கம். சற்று ஆறவிட்டு வெள்ளைக்காரர் இரண்டு மூடிகளைக் கழற்றி வைத்தார். கை துடைக்கத் துணி எடுக்க உள்ளே போனார். அதற்குள் அத்தை குடத்தோடு போய், கண்ணில் பட்ட பெரிய வாயில் கழுத்து வரை தண்ணீரை ஊற்றி, மூடியையும் பொறுப்பாகத் திருகிவிட்டாள். திரும்பி வந்தவர், அவள் மூடியை மட்டும் போட்டிருக்கிறாள் என்று நினைத்து, மற்ற வாயில் தன் பங்குக்குத் தண்ணீர் ஊற்றினார். அத்தைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

வண்டி முனகியது. விசிறி அரைமனதாக இரண்டு சுற்று சுற்றிவிட்டு நின்றுபோனது. மூடியின் இடுக்கில் வெள்ளையாக நுரை பொங்கியது. அதை விரலால் தொட்டுப் பார்த்த வெள்ளைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். அத்தை ஊற்றியது ஆயில் தொட்டியில்.

“ஒன் கை பட்டது எதும்மா உருப்பட்டுது? இப்ப வெள்ளக்காரன் கப்பலுக்கும் வேட்டு வெச்சிட்டியா?” என்றார் நைனா, அக்கம்பக்கம் எல்லோரும் கேட்க.

அத்தை அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“அழுவறதுக்கு இன்னா, அப்பறமா கூட அழுவலாம். இது எப்டி சுத்துதுன்னு அவர கேளுண்ணா.”

நைனா ரயில்வே ஸ்டேஷனில் பாயின்ட்ஸ்மேன், தண்டவாளம் மாற்றிவிடும் வேலை. அவருக்குத் தெரிந்த கொஞ்சநஞ்ச இங்கிலீஷில் பாதி சிக்னலைப் பற்றியது. மீதியை வைத்து விசாரித்தார். வெள்ளைக்காரர் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் படம் போட்டார். லாரியில் ரேடியேட்டர் எஞ்சினுக்கு நேர் எதிரே இருக்கும். ஒரு பெல்ட்டைப் போட்டு எஞ்சினே விசிறியைச் சுற்றிவிடும். இந்த வண்டியில் எஞ்சின் வால்பக்கம், ரேடியேட்டரோ காற்று வாங்கத் தோதாக விலாப்பக்கம். பெல்ட் அப்படி மடங்கிப் போகாது. அதனால் எஞ்சின் ஒரு பம்பை ஓட்டுகிறது. பம்பு ஆயிலை அழுத்திக் குழாயில் தள்ளுகிறது. விசிறியின் முதுகில் ஒரு சின்ன மோட்டார். ஆயில் போய் அதைச் சுற்றிவிட்டுத் தொட்டிக்கே திரும்பி வருகிறது. ரேடியேட்டர் தண்ணீர் சூடேற ஏற, விசிறிக்குப் போகும் ஆயிலும் கூடும், விசிறியும் வேகமெடுக்கும்.

“இவ்ளோதானா? மோட்டார் கொட்டா ஒரு பக்கம், தண்ணி வுழற தொட்டி ஒரு பக்கம். நம்ம நெல்லு கயினில பாக்காததா?” என்றாள் அத்தை. “கெட்டத எறக்கிட்டு நல்லத ஊத்துனா ஓடாதா?”

ஓடும். ஆனால் ஆயிலுக்கு எங்கே போவது? டிராக்டருக்கு ஊற்றும் ஆயில் இருந்தால் சமாளிக்கலாம் என்றார் வெள்ளைக்காரர். சுற்றுவட்டாரத்தில் டிராக்டர் வைத்திருந்தவர் ரைஸ்மில்காரர் ஒருவர்தான். அத்தை ஒரு கையில் காலி டின்னையும் மறு கையில் என்னையும் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். வெயில் மண்டையைப் பிளந்தது.

“ஆயிலு இன்னா வாய்க்கா தண்ணியா, மொண்டுக்கினு போறதுக்கு? போம்மா” என்றார் ரைஸ்மில்காரர்.

“போமாட்டேன்.”

டிராக்டர் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அவர் அதட்டிப் பார்த்தார், ஆளை விட்டு மிரட்டிப் பார்த்தார். அத்தை அசையவில்லை.

“சும்மா வாணாம்ண்ணா. இந்தப் போகம் ஒன் கயினில நானே வந்து நாத்து நட்டுத் தர்றேன். மொத நாத்து முடி நான் வெக்கிறேன்.”

அவர் அலறியடித்துக்கொண்டு எழுந்தார்.

“அய்யய்யோ! ஒன் கை என் நெலத்துல பட வாணாம் தாயி! ஆயில எட்துக்கினு மொதல்ல கெளம்பு!”

டின் நிறைய ஆயில்! எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அத்தை மட்டும் டின்னைத் தூக்கிக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே விறுவிறுவென்று நடந்தாள்.

நாங்கள் வருவதற்குள் தொட்டியின் அடிப்பக்கத்துக் குழாயைக் கழற்றி, மோர் போல வெளுத்துப்போன ஆயிலை எல்லாம் இறக்கிவிட்டிருந்தார்கள். புது ஆயிலில் கொஞ்சம் விட்டு அலசி, அதையும் இறக்கினார்கள். மிச்சத்தை ஊற்றுவதற்காக நைனா டின்னைத் தூக்கினார். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

“நைனா, மில்லுகாரரு ரொம்ப நல்லவரு! நாத்து நட வர்றேன்னு அத்த சொல்லிச்சி. ஒன் கை என் நெலத்துல பட வாணாம்னு சொல்லிட்டு, சும்மாவே குட்துட்டாரு!”

ஏனோ அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். வெள்ளைக்காரர் டின்னுக்குக் கை நீட்டினார். நைனா கொடுக்கவில்லை. அத்தையிடம் நீட்டினார்.

“இந்தா, நீயே ஊத்தும்மா.”

“வாணாண்ணா. மறுக்கா எதனா ஆயிடப் போவுது.”

“ஆனா ஆவட்டும். நீ ஊத்து.”

நைனா புனலைப் பிடித்துக்கொண்டார். அத்தை கண்ணை மூடிக்கொண்டு டின்னைச் சாய்த்தாள். ஆயில் நைனாவின் மணிக்கட்டில் சிந்தி வழிந்தது, அவர் துடைக்கவில்லை. வண்டியைக் கிளப்பியதும் விசிறி முதலில் தயங்கியது. பிறகு பிடித்துக்கொண்டு சுற்றியது பாருங்கள், ரோட்டுப் புழுதியெல்லாம் எங்கள் முகத்தில்! பொழுது சாய்வதற்குள் அந்த வீடு மெட்ராஸைப் பார்த்துப் போய்விட்டது. சூளூர்ப்பேட்டைப் பேச்சை அதன்பின் நைனா எடுக்கவேயில்லை. கடைசி வரை அத்தை எங்களோடுதான் இருந்தாள்.

இதெல்லாம் இப்போது கோத்துப் பார்த்துச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு நைனா மேல் ஒரே ஆத்திரம். வேகாத வெயிலில் அவ்வளவு தூரம் டின்னைச் சுமந்து வந்தவளையே ஊற்றவும் சொல்கிறாரே, இப்படியும் ஒரு சோம்பேறித்தனம் உண்டா? அத்தைக்காக அன்று முழுக்க நான் நைனாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.