ரொம்னி சதுப்புநிலத்தில் புல்லுக்குக் கொடுக்கும் மானியம்

2009 செப்டெம்பர், ஒரு செவ்வாய்க்கிழமை. கிங்ஸ்பரியில் ரயில் ஏறி, இடையில் ஒருமுறை மாறி, லூயிஷாமில் நான் இறங்கியபோது காலை ஏழு மணி. அங்கே இறைச்சிக்கடை வைத்திருக்கும் சிவநேசன் அண்ணை தன் வான் வண்டியோடு காத்திருந்தார். கென்ட் பகுதியின் தென்கோடியில், கடலோரமாகக் கிடக்கும் ரொம்னி சதுப்புநிலத்தில்தான் அவர் செம்மறிகளைத் தெரிவு செய்வார். வெட்டுமிடத்துக்குப் போய் இறைச்சியாக அவை கடைக்கு வரும். பண்ணையைப் பார்க்க ஆசை என்று நான்தான் கேட்டிருந்தேன்.

எழுபது மைல் ஓட்டம். ஆஷ்ஃபோர்ட் தாண்டியதும் மேடு இறங்கி நிலம் தட்டையாகிவிடுகிறது. வயலுக்கு வயல் வேலி கிடையாது. தண்ணீர் நிற்கும் வாய்க்கால்தான் எல்லை. தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஆடுகள் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றன.

பண்ணைக்காரி ஜோன் அறுபதை நெருங்கியவர். கணவர் இறந்த பிறகு குத்தகை நிலத்தில் தனியாக ஆடு வளர்க்கிறார். குசினியில் தேநீர் ஊற்றித் தந்துவிட்டு, “இந்த முறை எத்தனை வேண்டுமானாலும் எடுங்கள். எல்லாவற்றையும் விற்கிறேன்” என்றார்.

அண்ணை கோப்பையைக் கீழே வைத்தார்.

முன்பு அரசாங்கம் ஆட்டுத் தலைக்கு இவ்வளவு என்று மானியம் கொடுத்தது. சில ஆண்டுகளுக்கு முன் அதை நிலத்தின் பரப்புக்கு என்று மாற்றிவிட்டார்கள். நிலம் ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டால் போதும். அதில் ஆடு நின்றாக வேண்டும் என்றில்லை. நிலத்தின் சொந்தக்காரர் லண்டனில் இருக்கிறார். இந்த மாதத்தோடு குத்தகை முடிகிறது. இனி நிலத்தைத் தானே வைத்துக்கொள்ளப்போவதாக அவர் சொல்லிவிட்டாராம்.

“ஆள் பிடித்துப் புல்லை வெட்டிவிட்டால் அவருக்கு மானியம் வரும். என்னுடைய குத்தகையைவிட அது கூட,” என்றார் ஜோன். “அவருடைய இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் யோசித்திருப்பேன்.” குரலில் கோபம் இல்லை. ஆனால் தேநீரை அவர் குடிக்கவே இல்லை.

வயலுக்குப் போனோம். வெள்ளைக்காரர் இளம் குட்டியின் இறைச்சியைத்தான் விரும்புவார்கள். நம்மவர்களுக்குக் கறிக்கு முற்றிய ஆடு வேண்டும். அதனால் தாய் ஆடுகளுக்கு அண்ணையைப் போன்றவர்கள்தான் நல்ல விலை கொடுப்பவர்கள். அவற்றையும் எடுக்கும்படி ஜோன் கேட்டார். அண்ணை ஒவ்வொன்றாகப் பிடித்து வாயைத் திறந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“பல்லைப் பாரும். இன்னும் மூண்டு நாலு தரம் குட்டி போடும். இதுகளை வெட்ட எனக்கு ஏலாது.”

“அப்ப என்ன செய்யப் போறியள், அண்ணை?”

“பொறும். ஒராளுக்குப் போன் அடிச்சுப் பாக்கிறன்.”

ஆஷ்ஃபோர்ட் பக்கத்தில் அவருக்குப் பழக்கமான இன்னொரு பண்ணைக்காரர் மத்தியானம் வந்தார். நீண்ட பேரத்துக்குப் பிறகு, குட்டி போடும் வயதில் இருந்தவற்றை எடுக்கச் சம்மதித்தார். கிழடுகளும் கிடாய்க்குட்டிகளும் அண்ணைக்கு.

வந்த பண்ணைக்காரர் புறப்படும்போது ஜோன் அவருடைய வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு, “ஏப்ரலில் குட்டி போடும் காலத்தில் ஆள் தேவைப்படுமா?” என்று கேட்டார்.

“தேவைப்படும். கூலி பெரிதாக இருக்காது.”

“நான் வருகிறேன்.”

திரும்பும் வழியில் நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு அண்ணை தானாகவே பேசத் தொடங்கினார்.

“என்ர தம்பி வன்னியில மாடு வைச்சிருந்தவன். இந்த வருசம் சண்டைக்குள்ள இடம்பெயரேக்க எல்லாத்தையும் கயிறு அவிட்டு விட்டிட்டுத்தான் வெளிக்கிட்டவை. இப்ப முகாமில இருக்கினம். போன கிழமை போனில வந்தவன், ‘மாடுகளைப் பற்றி ஆரும் ஏதும் சொன்னவையோ’ எண்டு கேக்கிறான்.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“விசாரிக்கிறன் எண்டு சொன்னன்.”

நிலத்தை இழந்தாலும், தன் ஆடுகள் யாருடைய வயலில் நிற்கின்றன என்பது ஜோனுக்குத் தெரியும். அண்ணையின் தம்பிக்கு அதைச் சொல்ல அன்றைக்கு ஒருவரும் இல்லை.