ஃபிரிட்ஜில் வைத்தீர்களா?

வீட்டில் கேக் செய்து விற்கும் தொழிலில் கையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளலாம், வாயைச் சுத்தமாக வைத்துக்கொள்வதுதான் கஷ்டம். ஊறுகாய் போடுகிறவர்கள், சத்துமாவு அரைக்கிறவர்கள், ஜாக்கெட் தைக்கிறவர்கள் என்று வீட்டிலிருந்தே பிழைக்கும் என் இனத்தார் யாராவது இதைப் படித்தால் இந்நேரம் தலையாட்டியிருப்பீர்கள். பொருள் சரியில்லை என்று ஃபோன் வந்ததும் நம் வாய் என்ன சொல்லும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் இருப்பது ஒண்டிப்புதூரில். நவம்பர் கடைசியில் தொடங்கி கிறிஸ்துமஸ் வரைக்கும் கேக் பாப் செய்கிறேன். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கேக்கை உதிர்த்து, கொஞ்சம் க்ரீம் சேர்த்துப் பிசைந்து, எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டி, இறுகுவதற்காக ஃபிரிட்ஜில் வைத்து, குச்சியில் குத்தி, உருக்கிய சாக்லேட்டில் முக்கி எடுக்க வேண்டும். அப்புறம் அந்த உருண்டைக்குக் கிறிஸ்துமஸ் தாத்தா முகமோ மான் முகமோ வைக்க வேண்டும். நான்கு வருடமாக இதைச் செய்கிறேன். இதில் பட்ட அவமானங்களில் முக்கால்வாசி நானே தேடிக்கொண்டவை.

தாத்தாவுக்கு வந்த கதி

முதல் வருடம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு படம் போட்டேன். சிவப்புத் தொப்பி, பஞ்சுப்பொதி மாதிரி தாடி, கன்னத்தில் ரோஸ் நிறம். அழகான படம். என்ன, அது நான் செய்ததில்லை. இணையத்தில் எங்கேயோ இறக்கியது. பீளமேட்டிலிருந்து ஒரு அம்மா, மகளின் பிறந்தநாளுக்கு "அதே மாதிரி" பன்னிரண்டு கேட்டுவிட்டார். தாடிக்கு உலர்ந்த தேங்காய்த்தூள் போட வேண்டும். அது வாங்கக் கடைக்குப் போகச் சோம்பல்பட்டு, வீட்டில் குழம்புக்குத் துருவி வைத்திருந்த பச்சைத் தேங்காயை எடுத்து அப்பிவிட்டேன்.

சாயங்காலம் ஃபோன் வந்தது. தேங்காய் தண்ணீர் விட்டுத் தாடி நகர்ந்திருக்கிறது. அதுவும் மேலே நகர்ந்து மூக்கில் அடைத்துக்கொண்டிருக்கிறது. "மூக்குல பஞ்சு வெச்சுப் படுக்கப் போட்ட மாதிரி இருக்குதுங்க, பாப்பா கிட்டயே வரமாட்டேங்குது" என்றார் அந்த அம்மா. வாயில் வந்ததைக் கேட்டேன்: ஃபிரிட்ஜில் வைத்தீர்களா? வைத்தேன் என்றார். அதுதான் காரணம் என்று சொல்லிவிட்டேன். திட்டப் போகிறார் என்று காதைக் கொஞ்சம் தள்ளி வைத்தால், அவர் குரல் அப்படியே இறங்கிப்போனது. "அய்யய்யோ, அப்ப நாந்தான் கெடுத்துப்போட்டனுங்களா?"

வீட்டுக்காரர் கண்டுபிடித்தது

அதற்குப் பிறகு எனக்கு ஒரு தைரியம் வந்துவிட்டது. கண் விழுந்ததா, மூக்கு கோணியதா, குச்சி கழன்றதா, எல்லாவற்றுக்கும் ஒரே கேள்விதான். கேக் என்றால் யாராயிருந்தாலும் ஃபிரிட்ஜில்தானே வைப்பார்கள்? எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள். எல்லாரும் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள்.

இரண்டாம் வருடம் புதுத் தொல்லை. முக்கி வைத்த சாக்லேட், ஆறியதும் பட்டுப்பட்டென்று வெடித்தது. ஏழெட்டுத் தட்டு வீணானதில் அழுகையே வந்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கு லேத் பட்டறையில் வேலை. இரும்பைத் தவிர எதையும் உற்றுப் பார்க்காத மனிதர், ஒரு கேக் பாப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உருண்டை சில்லென்று இருக்கிறது, சாக்லேட் சூடாக இருக்கிறது, உள்ளே இருப்பது சூடேறி உப்பும்போது மேல்தோல் வெடிக்காமல் என்ன செய்யும் என்றார். உருண்டையை வெளியே எடுத்துக் குளிர் தணிய விட்டு முக்கினால் வெடிக்காதாம். முக்கிப் பார்த்தேன், வெடிக்கவில்லை. என் கேள்வியைப் பற்றி அவருக்கும் தெரியும். கை கழுவிக்கொண்டே சொன்னார்: "ஃபிரிட்ஜ்ல வெச்சதுதான் தப்பு புள்ளே. ஆனா அது நம்மூட்டு ஃபிரிட்ஜ்."

தொண்டாமுத்தூர் மான்

வெடிப்பு நின்றதும் தலைக்கனம் வந்துவிட்டது. மூன்றாம் வருடம் மான் முகம் செய்தேன். கொம்புக்கு முறுக்கை உடைத்து ஒட்டலாம் என்பது என் சொந்த மூளை. தொண்டாமுத்தூரில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர், பேத்திகள் வருகிறார்கள் என்று இருபது வாங்கிப் போனார். போகிற வழியில் முறுக்கு இரண்டு பக்கமும் சரிந்து வாயோரம் வந்து நின்றுவிட்டது. கொம்பு தந்தமாகிவிட்டது.

ஃபோன் வந்ததும் அவரிடமும் ஃபிரிட்ஜ் கேள்வியைக் கேட்டேன். காரைவிட்டு இறக்கவே இல்லை என்றார். அப்புறம் அவரே மனமிரங்கிச் சிரித்தார். "தோப்புக்குள்ள ஆனை வந்தா வெடி போட்டுத் தொரத்துவோமுங்க, நீங்க டப்பால போட்டே குடுத்துட்டீங்களே!"

இரண்டு இஞ்ச்

இங்கே மெர்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சூலூர்க்காரர். என்னைவிட நாலைந்து வயது இளையவர். ஆறு வருடமாக எனக்கு ஜாக்கெட் தைத்துத் தருகிறார். அவரே பஸ் ஏறி வந்து துணி வாங்கிக்கொள்வார், தைத்ததும் கொண்டுவந்து கொடுப்பார். எங்கள் ஹாலில் உட்கார்ந்து எத்தனையோ முறை காப்பி குடித்திருக்கிறார். நான் அவர் வீட்டுப் பக்கம் ஒரு தடவைகூடப் போனதில்லை. வேண்டுமென்று இல்லை. அவர்தான் வருகிறாரே என்று இருந்துவிட்டேன்.

போன தீபாவளி முடிந்து அவர் தைத்துக்கொண்டு வந்த ஜாக்கெட் எனக்குக் கையே நுழையவில்லை. இரண்டு இஞ்ச் பத்தாது. அளவு எடுத்தது தீபாவளிக்கு முன்னால். அப்புறம் நான் தின்ற முறுக்கும் மைசூர்பாகும் எவ்வளவு என்று எனக்குத் தெரியும், என் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் எரிந்து விழுந்தேன். மெர்சி டேப்பைக்கூட எடுக்கவில்லை, ஜாக்கெட்டை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தார். "நாந்தானுங்க்கா அளவைத் தப்பா எடுத்துப்போட்டேன், பிரிச்சுத் தெச்சுத் தாரேனுங்க."

ஐம்பது குழந்தைகள்

அந்த டிசம்பரில் அவர்கள் சபையில், பிள்ளைகளின் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியை முதல் தடவையாக மெர்சியிடம் ஒப்படைத்திருந்தார்கள். வசனம், பாட்டு, உடை, தின்பண்டம் எல்லாம் அவர் பொறுப்பு. அதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வழக்கமாகப் பேக்கரி கேக் துண்டுதான் தருவார்களாம். தனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் அழகாகச் செய்வார் என்று கமிட்டியில் பேசி, ஐம்பது கேக் பாப்புக்குச் சம்மதம் வாங்கி வந்திருந்தார்.

இனி எழுதப் போவதை எழுதத்தான் கை கூசுகிறது. அதே நாளுக்கு அவினாசி ரோடு அடுக்குமாடி ஒன்றிலிருந்தும் ஆர்டர் வந்திருந்தது. அவர்களுக்கானதைக் குளிர் தணிய விட்டு, நிதானமாக முக்கினேன். நேரம் ஓடிவிட்டது. மெர்சியுடைய ஐம்பதையும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு சூட்டில் முக்கி, ஆறுவதற்குள் பெட்டியில் அடைத்துவிட்டேன். வெடிக்கும் என்று தெரியும். மெர்சிதானே, ஒன்றும் சொல்ல மாட்டார் என்று நினைத்தேன். நினைத்தேன் என்று எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது.

காலையில் அவர் வந்து இரண்டு அட்டைப்பெட்டிகளையும் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். மத்தியானம் ஃபோன் வந்தது. மேல்தோலெல்லாம் வெடித்திருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார். என் வாய் தானாகவே திறந்தது: "மெர்சி, ஃபிரிட்ஜ்ல வெச்சீங்களா?" அந்தப் பக்கம் அட்டைப்பெட்டியை மூடும் சத்தம் கேட்டது. அப்புறம், "ஆமாங்க்கா, வெச்சுப்போட்டேனுங்க" என்றார்.

சாயங்காலம் நிகழ்ச்சிக்கு என்னையும் கூப்பிட்டிருந்ததால் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். பாட்டெல்லாம் நன்றாக நடந்தது. பிறகு பிள்ளைகள் கையில் என் சரக்கு வந்தது. கடிக்கும் முன்பே உருண்டைகள் குச்சியைவிட்டுக் கழன்று மண்ணில் விழுந்தன. வெள்ளைச் சிறகு கட்டியிருந்த ஒரு சிறுமி வெறும் குச்சியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். சபைச் செயலாளர் மெர்சியைக் கூப்பிட்டு விசாரித்தார். "அவங்க நல்லாத்தானுங்கய்யா செஞ்சு குடுத்தாங்க, நாந்தான் தெரியாம ஃபிரிட்ஜ்ல வெச்சுப்போட்டேன்" என்று மெர்சி தலை குனிந்து சொன்னது என் காதில் விழுந்தது. நான் எழுந்திருக்கவில்லை. எழுந்து நாலு எட்டு வைத்திருந்தால் போதும். செயலாளர் கோபப்படக்கூட இல்லை. "செரி உடுங்க, அடுத்த வருசத்துக்கு வேற ஆளைப் பாத்துக்கலாம்."

மெர்சி வீடு

மறுநாள் காலையில், உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று சூலூருக்குப் பஸ் ஏறினேன். விசாரித்துத்தான் வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஓர் அறை, அதன் மூலையில் அடுப்பு. ஜன்னலோரம் தையல் மிஷின். மிஷின்மேல் என் ஜாக்கெட் பிரித்துக் கிடந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் தண்ணீர் ஊற்றிய அகலப் பாத்திரம், அதற்குள் பால் சொம்பு, மேலே ஈரத்துணி. என் கண் சுவரோரமாக ஒரு சுற்று சுற்றி வந்து அந்தப் பால் சொம்பிலேயே நின்றுவிட்டது.

நான் எதைத் தேடுகிறேன் என்று மெர்சிக்குப் புரிந்துவிட்டது. நான் கேட்பதற்குள் அவரே சொன்னார். ஒரு பொய்யை அவர் சுமந்ததைவிட, அதைப் பொய் என்று தெரிந்தே சுமந்தது என்னைக் கொன்றுவிட்டது. "எங்கூட்ல ஃபிரிட்ஜ் ஏதுங்க்கா. இல்லைன்னு சொல்லியிருந்தா நீங்க சங்கடப்பட்டுப்போவீங்கன்னுதான் வெச்சேன்னு சொன்னேனுங்க."

ஒரே ஒரு உண்மை

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, குளிர் தணிய விட்டு ஒவ்வொன்றாக முக்கிய ஐம்பது கேக் பாப்புடன் சபைக்குப் போனேன். ஒன்றில்கூடக் கீறல் இல்லை. ஆராதனை முடிந்து எல்லாரும் நிற்கும்போது செயலாளரிடம் சத்தமாகவே சொன்னேன். தப்பு முழுக்க என்னுடையது, அவசரத்தில் கெடுத்தது நான், மெர்சி வீட்டில் ஃபிரிட்ஜே இல்லை என்றேன். மெர்சி வேண்டாம் என்று என் கையைப் பிடித்து இழுத்தார். கையை விடுவித்துக்கொண்டு முழுக்கச் சொல்லி முடித்தேன்.

அடுத்த வருடப் பொறுப்பை அதற்குள் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம், மாற்ற முடியாதாம். செயலாளர் ஒரு கேக் பாப்பை எடுத்துக் கடித்தார். நன்றாக இருக்கிறது என்று தலையசைத்தார். பிறகு என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். "மெர்சிக்கு நல்ல சிநேகிதம்தானுங்க நீங்க, அவங்க பேரைக் காப்பாத்த இத்தனை பேருக்கு முன்னால பொய் சொல்றீங்களே!"

ஆக, நான்கு வருடத்தில் நான் சொன்ன அத்தனை பொய்யையும் கோயமுத்தூர் முழுக்க நம்பியது, சொன்ன ஒரே உண்மைக்குத்தான் பொய்க்காரி என்ற பாராட்டு கிடைத்தது.