தாமிரபரணியைக் கொதிக்க வைத்த கொடை

குழாயிலிருந்து உள்ளங்கையில் பிடித்துக் குடித்த முதல் வாய்த் தண்ணீரில் ருசி என்று எதுவுமே இல்லை. அதுதான் எங்களை வாயடைக்க வைத்தது. சாத்தான்குளத்துக்கும் குலசேகரன்பட்டினத்துக்கும் நடுவில், செம்மணல் தேரியின் ஓரத்தில் கிடந்த எங்கள் ஊரில், தண்ணீர் என்றால் அதில் உப்பு இருக்கும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, காப்பி போட்டால் பால் திரிந்துபோகும். வெளியூரிலிருந்து வரும் விருந்தாளிகள் ஒரு வாய் குடித்துவிட்டு, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் எங்களைப் பார்த்துச் சிரித்து வைப்பார்கள். "சவர் தண்ணி" என்போம் அதை. எழுபதுகளின் நடுவில், ஒரு கோடைக்குக் கொஞ்சம் முன்னால், அந்த ஊருக்குக் குழாய் வழியே தாமிரபரணித் தண்ணீர் வந்தது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தாமிரபரணியை நான் கண்ணால் பார்த்ததில்லை. எங்கேயோ வயல்களுக்கும் வாழைத்தோப்புகளுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கும் ஓர் ஆறு, ஓர் இரும்புக் குழாய்க்குள் புகுந்து, மண்ணுக்கடியில் படுத்தபடியே இத்தனை தூரம் வந்து, எங்கள் தெருமுனையில் எழுந்து நிற்கிறது என்பதை என்னால் நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. குழாயில் காதை வைத்துக் கேட்டால் உள்ளே ஏதோ பெருமூச்சு விடும், உடம்பெல்லாம் சிலிர்க்கும். பெண்கள் குழாய்க்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துக் குலவையிட்டார்கள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் பக்கத்திலேயே போனார்கள். அம்மா முதல் நாள் சோப்பைக் கையில் தேய்த்தவள், நுரை முழங்கை வரை ஏறியதைப் பார்த்துவிட்டு, அதைக் கழுவ மனம் வராமல் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை, மதுரையில் கடையில் வேலை பார்த்த அப்பா விடுமுறைக்கு வரும்போதுகூட நான் பார்த்ததில்லை.

ஒரே ஒரு குறைதான். ஊருக்கு மேற்கே கட்டிய உயரமான தொட்டியில் நாள் தவறாமல் பிளீச்சிங் பவுடர் போடுவார் பஞ்சாயத்து ஆள் ஒருவர். அவருக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. ஆனால் தொட்டி வந்த மறுநாளே அவர் "டேங்க் அண்ணாச்சி" ஆகிவிட்டார். அந்தப் பவுடரின் வாசம் தண்ணீரில் தெரியும். "ஆத்துத் தண்ணியில ஆஸ்பத்திரி நாத்தம்லா அடிக்கு" என்று பெண்கள் அவரைப் பிடித்துக் காய்ச்சுவார்கள். அவரும் "நானா கேக்கேன்? மேல போடச் சொல்லுதாவ, போடுதேன்" என்று சொல்லிவிட்டு நழுவிவிடுவார்.

அந்த வருஷம் அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தது. எங்கள் ஊர்க் கொடையில் சாமியாடி என் பெரியப்பா, அப்பாவின் அண்ணன். உச்சிப்பொழுதில் அருள் வந்ததும், கொதிக்கிற மஞ்சள் தண்ணீர்ப் பானைக்குள் கமுகம்பூக் கொத்தை முக்கி முக்கித் தன் மேல் அடித்துக்கொள்வார். அம்மன் குளிக்கிறாள் என்று அதற்குப் பொருள். ஆவி பறக்கும் அந்தத் தண்ணீர் அவர் மேலே பட்டால் தோல் சிவப்பதில்லை, பக்கத்தில் நிற்கும் எங்கள் மேலே ஒரு சொட்டுத் தெறித்தால் துள்ளுவோம். அந்தப் பானைக்கு வேண்டிய தண்ணீரை முன்பெல்லாம் மாட்டு வண்டி கட்டிப் போய் ஆற்றிலிருந்தே கும்பத்தில் எடுத்து வருவார்கள். பானைக்குப் போக மிஞ்சியது வீட்டுக்கு வீடு தீர்த்தம். ஆறே தெருவுக்கு வந்துவிட்ட பிறகு வண்டி எதற்கு என்று ஊர் கூடி முடிவு செய்தது. கும்பத்தைக் குழாயிலேயே பிடிப்பது என்றானதும், பெரியப்பாதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்: "அம்மன் குளிக்கிற தண்ணியில மருந்து நாத்தம் அடிக்கலாமாலே?"

அடிக்கலாம் என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? டேங்க் அண்ணாச்சியும் அதே கோயிலுக்கு வரி கொடுக்கிறவர்தான். காப்புக் கட்டிய நாளிலிருந்து, பெரிய கொடைக்கு எட்டாம் நாள் நடக்கும் எட்டாம் கொடை முடிந்து காப்பு அவிழ்க்கிற வரைக்கும் பவுடர் போடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார். வாசம் போயிற்று. ஊரே கொண்டாடியது. "இப்பதாம்ளா தாமிரபரணி" என்று செம்பு செம்பாகக் குடித்தோம். தேரிப் பக்கத்து ஓடையைக் கடக்கிற இடத்தில் குழாய் உடைந்து ஒழுகிக்கொண்டிருந்ததும், ஆடு மாடுகள் அப்படித் தேங்கிய குட்டையில் படுத்துக் கிடந்ததும், தண்ணீரை நிறுத்துகிற நேரத்தில் அந்தச் சேற்றைக் குழாய் தனக்குள்ளேயே உறிஞ்சிக்கொண்டிருந்ததும் பின்னால்தான் தெரிய வந்தன. அதுவரைக்கும் அந்த அழுக்கைக் கொன்று எங்களைக் காப்பாற்றிவந்தது, நாங்கள் திட்டித் தீர்த்த அந்த வாசம்தான்.

பெரிய கொடை முடிந்த கையோடு வயிற்றுப்போக்கும் வாந்தியும் தெருத் தெருவாகப் பரவின. தண்ணீரை யாரும் சந்தேகப்படவில்லை. பந்திச் சாப்பாட்டைச் சொன்னார்கள், வெயிலைச் சொன்னார்கள், கொடையில் ஏதோ குறை வைத்துவிட்டோம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அம்மனின் கோபம் தணியவேண்டும் என்று, படுத்துக் கிடந்தவர்களுக்குக் கும்பத்துத் தீர்த்தத்தையே வாயில் ஊற்றினார்கள். கும்பம் குறையக் குறையக் குழாயில் பிடித்து நிரப்பினார்கள். மேலத்தெருவில் ஒரு கைக்குழந்தை இறந்துபோனது.

என் தங்கை கனிக்கு மூன்று வயது. ஒரே பகலில் அவள் கண் உள்ளே போய், உதடு காய்ந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டுவிட்டாள். அம்மா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறித் திருச்செந்தூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பாட்டில் ஏற்றினார்கள், கொதித்து ஆறிய தண்ணீரும் உப்புப் போட்ட கஞ்சியும் கொடுத்தார்கள், பிள்ளை எழுந்து உட்கார்ந்து சிரித்தாள். ஊருக்குக் கூட்டி வந்து, கும்பத்துத் தீர்த்தத்தைக் கொடுத்து, திருநீறு பூசிப் படுக்க வைத்தோம். விடிவதற்குள் மறுபடியும் வயிற்றால் போக ஆரம்பித்துவிட்டது.

கொதித்த தண்ணீரில் தேறியவள் தீர்த்தத்தில் விழுந்தாள் என்று அம்மாவுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. சுகாதார நிலையத்திலிருந்து வந்த நர்சம்மாவும் வீடு வீடாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்: தண்ணீரைக் கொதிக்க வையுங்கள், தொட்டியில் மருந்து போடுங்கள். யாரும் காது கொடுக்கவில்லை. எங்கள் வீட்டில் அடுப்பும் பானையும் பெரியப்பாவின் மனைவி, எங்கள் பெரியம்மையின் ஆட்சியில் இருந்தன. அம்மா அடுப்பில் ஏற்றிய தண்ணீரைப் பெரியம்மை கண்ணில் நீரோடு இறக்கி வைத்தார். "சோத்துக்கு ஒல வைக்கது வேற, கெட்டுப்போச்சுன்னு சந்தேகப்பட்டுத் தீர்த்தத்தச் சுட வைக்கது வேற. காப்பு அவுக்காம அடுப்புல ஏத்துனா, இருக்க புள்ளயளும் போயிரும் ஏளா." அவர் பொல்லாதவர் அல்ல, கனியின் மேல் உயிரையே வைத்திருந்தவர். பயம் அப்படி.

அடுத்த நாள் எட்டாம் கொடை. உச்சிவெயிலில் மேளம் உச்சத்துக்குப் போக, பெரியப்பா அருள் வந்து ஆட, பானை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா கனியைத் தோளில் கிடத்திக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து உள்ளே போனாள். எங்கள் குடும்பங்களில் தம்பி மனைவி கணவனின் அண்ணனுக்கு எதிரே நிற்கமாட்டாள், நேருக்கு நேர் பேசமாட்டாள். அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பெரியப்பாவிடம் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அருள் வந்திருக்கும்போது அங்கே நிற்பது கணவனின் அண்ணன் இல்லையே, அம்மன் அல்லவா! அந்த ஒரு வழியை அம்மா எப்படிக் கண்டுபிடித்தாள் என்று நினைத்தால் இப்போதும் எனக்குப் புல்லரிக்கிறது.

"தாயே, ஒனக்கும் எனக்கும் ஒரே கும்பத்துத் தண்ணிதான்" என்றாள். மேளம் தானாக நின்றது. "ஒனக்கு அதக் கொதிக்க வச்சுக் குடுக்காவ. எம்புள்ளைக்குப் பச்சையாக் குடுக்காவ. நான் அடுப்புல ஏத்துனா ஒனக்குக் கோவம் வரும்ங்காவ. ஒனக்கு மட்டும் கொதிக்கணும், எம்புள்ளைக்குக் கொதிக்கக் கூடாதா? இது என்ன ஞாயம்? இந்தா, நீயே பாரு, கழுத்து நிக்கல. சொல்லு தாயே, ஒன் வாயாலயே சொல்லு."

கமுகம்பூக் கொத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பெரியப்பா கனியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், பனைமரத்துக் காக்கையெல்லாம் எழும்பிப் பறந்தன.

"கொதிக்க வைங்கலே! ஊரு பூரா வைங்க! எம்புள்ளையளுக்கு இனிமே பச்சத் தண்ணி கெடையாது. எவன் வீட்டு அடுப்பு பொகையலையோ அவன் வீட்டுக்கு நான் வருவேன். மருந்தையும் போடச் சொல்லு. அந்த வாசம் எனக்குச் சம்மதம்!"

அவ்வளவுதான். அன்று சாயங்காலம் எங்கள் ஊரில் புகையாத வீடு ஒன்றுகூட இல்லை. பனை ஓலையும் மட்டையும் எரிகிற வாசனை தேரி வரைக்கும் போனது. முதலில் அடுப்பு மூட்டியவர் பெரியம்மைதான். டேங்க் அண்ணாச்சி காப்பு அவிழ்க்கும் வரைகூடக் காத்திராமல் பவுடர் டப்பாவோடு ஏணியில் ஏறினார். கீழே நின்று பெண்கள் குலவையிட்டார்கள். நர்சம்மா வந்து பார்த்துவிட்டு, பக்கத்து ஊர்களுக்கும் சாமியாடியைக் கூடவே கூட்டிப் போகலாமா என்று கேட்டார். அம்மா கனிக்கு ஆறிய தண்ணீரையும் கஞ்சியையும் கரண்டி கரண்டியாகப் புகட்டிக்கொண்டே இருந்தாள். அந்த வாரத்திலேயே கனி எழுந்து, அடுப்புக் கரியை எடுத்துச் சுவரில் கிறுக்கி, பெரியம்மையிடம் அடி வாங்கினாள்.

பல வருஷங்களுக்குப் பிறகு, பெரியப்பா தூத்துக்குடியில் மகன் வீட்டில் படுக்கையோடு இருந்தபோது பார்க்கப் போயிருந்தேன். கனி எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தவர், நான் கேட்காமலே சொன்னார். "ஒங்கம்மா மொத வார்த்தை பேசயிலேயே அம்மன் என்னைய விட்டு மலையேறிட்டா தாயி. அதுக்கப்புறம் அங்கன நின்னது நான் மட்டும்தான். சொன்னதெல்லாம் நான்தான்."

நான் அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவரே தொடர்ந்தார். "மருந்து வேண்டாம்னு சொன்னதும் நான்தான, அம்மன் இல்லியே. நான் கெடுத்தத நான்தான தீக்கணும். ஆனா நான் சொன்னா எவன் கேப்பான்? அவ பேரச் சொல்லிப் பொய் சொல்லிட்டேன். அப்புறம் ஒவ்வொரு கொடைக்கும் அந்தப் பானைப் பக்கம் போகையில, இன்னைக்கு அவ என்னைய வேக வச்சிருவாளோன்னு நெனைச்சுக்கிட்டேதான் போனேன்."

ஆனாலும் போனார். உடம்பு ஒத்துழைத்த கடைசிக் கொடை வரைக்கும் போனார். கடவுள் இல்லை என்பவன் சாமி பெயரில் பொய் சொல்வது எளிது. அம்மனை அத்தனை நம்பியவர், அத்தனை பயந்தவர், ஒரு குழந்தையின் தொங்கிய கழுத்தைப் பார்த்து அந்தப் பொய்யைச் சொன்னார் என்பது என்னை அன்றும் கையெடுத்துக் கும்பிட வைத்தது, இன்றும் வைக்கிறது.

இப்போது ஊரில் வீட்டுக்கு வீடு குழாய் இருக்கிறது. ஆனால் குடிப்பதற்குக் கேன் தண்ணீர்தான். போன கொடையில் கும்பத்தையும் கேனைக் கவிழ்த்தே நிரப்பினார்கள். அது எந்த ஆற்றுத் தண்ணீர் என்று யாரும் கேட்கவில்லை. குழாய்க்குப் பொட்டு வைத்த பெண்களில் பாதிப்பேர் இன்று இல்லை, அம்மாவும் இல்லை, பெரியப்பாவும் இல்லை. கனிக்கு எதுவும் நினைவில்லை. அம்மா அவளிடம் சொன்னதே இல்லை, பெரியப்பா சொன்னதை நானும் இதுவரை சொல்லவில்லை. அந்தக் கொடையில் கோயில் வாசலில் சப்பணமிட்டு உட்கார்ந்து, மடியில் ஒரு பிள்ளையும் தோளில் ஒரு பிள்ளையுமாக வைத்துக்கொண்டு அவள் மேளம் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா சொன்ன அந்தப் பொய்க்கு இப்போது இரண்டு பேரப்பிள்ளைகள்.