இடது இறக்கையின் ரிவெட்டுகள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எதிர்வீட்டு அண்ணன் ஓர் அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் கூடத்தில் வைத்தார். பை நிறையக் காகிதம்.

"ஏரோப்ளேன் ஆபீஸ்லேர்ந்து லெட்டர் வந்துட்ச்சுமா. ஆறு வருஷமா இன்னா பண்ணேன், எப்ப பண்ணேன், யாரு பண்ணா, எல்லாத்தையும் போட்டோவோட ஃபைலா குடுக்கணுமாம். அப்பத்தான் இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆளு வருவாராம். நீதான கம்பெனில ஆடிட்டுக்கு ஃபைல் போடற? கொஞ்சம் பாரேன்."

அவர் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் பராமரிப்புப் பிரிவு ஃபோர்மேன். காக்களூரில் மச்சானின் ஷெட்டில் அவர் விமானம் கட்டுகிறார் என்பது மணவாள நகரில் எங்கள் தெரு முழுக்கத் தெரியும். ஆனால் யாரும் போய்ப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. இத்தனைக்கும் அதே காக்களூர் தொழிற்பேட்டையில், நான்கு கேட் தள்ளி இருக்கும் கார் உதிரிபாகக் கம்பெனியில்தான் நான் தரக்கட்டுப்பாட்டுக் காகிதங்களைக் கவனிக்கிறேன்.

அன்று மதியமே போனேன். ஏதோ பெரிய பொம்மை மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஷெட் கதவைத் தள்ளியதும் அந்த நினைப்பு போய்விட்டது. இரண்டு பேர் உட்காரும் அலுமினிய விமானம். பெயின்ட் அடிக்காத தகடு சாம்பல் வெள்ளையாக மின்னியது. இறக்கைகள் இரண்டும் தனியாகச் சுவரோரம் கட்டைமேல் படுத்திருந்தன. அண்ணனின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து மிஷினில் இருக்கைக்கு உறை தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வா வா, நீயாவது வந்தியே" என்றார்.

பையில் இருந்தவை பெரும்பாலும் தினசரி காலண்டர் தாள்கள். வேலை செய்த அன்றைய தாளைக் கிழித்து, அதன் பின்புறம் என்ன செய்தோம் என்று அண்ணன் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். முன்பக்கம் தேதி, நல்ல நேரம், ராகு காலம். பின்பக்கம் துளையின் அளவு, போல்ட்டின் அளவு. தாள்களை வருஷவாரியாகப் பிரித்து, அவர் போனில் இருந்த படங்களோடு பொருத்தி, வாரம் ஒரு பகுதியாகத் தட்டச்சு செய்தேன். வால், உடல், வலது இறக்கை, எல்லாம் ஒழுங்காக வந்தன. இடது இறக்கையில் நின்றேன்.

இடது இறக்கையை மூடிய ஏறக்குறைய இரண்டரை மாதத்துக்கு ஒரு தாளும் இல்லை, ஒரு படமும் இல்லை. மேல்தகடு மூடிவிட்டால் உள்ளே இருப்பதைப் பார்க்க முடியாது. மூடும் முன் எடுத்த படத்தைத்தான் ஆய்வாளர்கள் முதலில் கேட்பார்கள் என்று அந்தக் கடிதமே சொன்னது.

"இந்த ரெண்டரை மாசத்து தாளு எங்கண்ணே?"

"இருக்கும். எங்கியாவது பூந்திருக்கும்."

மூன்று வாரம் இதே பதில். எனக்குச் சலித்துவிட்டது. எங்கள் கம்பெனியில் ஆடிட்டர் வருவதற்கு முந்தைய நாள் விட்டுப்போன பரிசோதனைத் தாள்களை உட்கார்ந்து எழுதுவது வழக்கம். வேறு வேறு பேனாவில் எழுதினால் இயல்பாக இருக்கும் என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதே கையோடு இடது இறக்கைக்கும் ஒன்பது தாள் தயார் செய்தேன். வலது இறக்கைக்கு எழுதியதையே பார்த்து, தேதி மாற்றி, 'வேலை செய்தவர்' என்ற இடத்தில் அவர் பெயர் போட்டு, கையெழுத்துக்கு நீட்டினேன்.

அவர் வாங்கிப் படித்தார். பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார், மறுபடி போட்டார். தையல் மிஷின் சத்தம் நின்றது.

"இந்த தேதில எனக்கு வலது கைல மாவுக்கட்டு" என்றார். "ஆலைல மணிக்கட்டு ஒடிஞ்சிட்ச்சு. ஒரு ரிவெட்டுகூட நான் அடிக்கல."

"அப்ப யாரு அடிச்சாங்க?"

அவர் மனைவியைப் பார்த்தார்.

தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணியை அடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியிலிருந்து காற்றுத் துப்பாக்கியால் தட்ட வேண்டும். மற்றவர் உள்ளே கைவிட்டு, எதிர்ப்புறம் ஓர் இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டும். அதுவரை அக்காதான் கட்டை பிடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் கை ஒடிந்த பிறகு, அவர் இடது கையால் கட்டையைப் பிடிக்க, அக்கா துப்பாக்கியை எடுத்திருக்கிறார். இடது இறக்கையின் மேல்தகடு முழுக்க அவர் அடித்தது.

"நான்தான் எழுதாதீங்கன்னு சொன்னேன்" என்றார் அக்கா. "பொம்பள, அதுவும் துணி தெக்கிறவ அடிச்சான்னு தெரிஞ்சா பாஸ் பண்ணுவாங்களா? ஆறு வருஷ உழைப்பு என்னால கெட்டுப்போவணுமா?"

"அவ சொன்னான்னு நானும் வுட்டுட்டேன். எனக்கும் சொல்ல ஒரு மாதிரி இருந்திச்சு" என்றார் அண்ணன், தரையைப் பார்த்தபடி. "தப்பு என்னுதுதான்."

எனக்கு அந்த ஒன்பது தாளைத் திரும்பக் கையில் வாங்கவே கூச்சமாக இருந்தது. நான் தாள் தயாரிக்கும் உதிரிபாகங்கள் எங்கோ, யார் காருக்கோ போகின்றன. அந்த மனிதர்களை நான் பார்த்ததில்லை. இந்த விமானத்தில் ஏறப்போகிற இரண்டு பேர் என் முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். தாள்களை வாங்கி நான்காகக் கிழித்தேன். மூடிய தகட்டைக் கழற்றிவிட்டுத் திரும்ப அடிப்பது ஒன்றே வழி என்று பேச ஆரம்பித்தோம்.

அப்போது அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார். "போட்டோ இருக்குது. என் போன் தண்ணில விழுந்து போயிட்ச்சு. ஆனா எங்க அக்காகிட்ட இருக்கும்."

அவருடைய அக்கா பள்ளிப்பட்டில் இருக்கிறார். மறு ஞாயிறு இருவரும் பஸ் ஏறினோம். திருத்தணி தாண்டியதும் வழியில் விஷயத்தைச் சொன்னார். அந்த மாதங்களில்தான் பள்ளிப்பட்டு அக்காவின் கணவர் இறந்திருக்கிறார். அந்த அம்மாள் யாரோடும் பேசாமல், சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாராம். "இன்னா பேசறதுன்னு எனக்குத் தெரியல. ஆறுதல் சொன்னா போனை வெச்சுடும். அதனால தெனம் நான் அடிச்ச ரிவெட்டை போட்டோ புடிச்சு அனுப்புவேன். மொத ரெண்டு நாள் பதில் இல்ல. மூணாவது நாளு, இது இன்னாடின்னு கேட்டுச்சு."

பள்ளிப்பட்டு அக்கா எங்களுக்குச் சாப்பாடு போட்டு முடிக்கும்வரை போனைத் தரவில்லை. பிறகு முந்தானையால் துடைத்துக் கொடுத்தார்.

"ஒண்ணுகூட அழிக்கல. எனக்கு ஏரோப்ளேனும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. சாயந்தரம் ஆனா இன்னிக்கு எத்தினின்னு கேப்பேன். அதுக்காகவே போனை சார்ஜ் போட்டு வெப்பேன். நைனா மாதிரி இது, எடுத்த வேலைய வுடாது" என்று தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார். நைனா என்றது அவர்களுடைய அப்பாவை.

படங்கள் இருந்தன. மூடாத இறக்கையின் உட்புறம், வரிசை வரிசையாக ரிவெட் தலைகள், ஓரத்தில் அக்காவின் கட்டைவிரல், ஒவ்வொன்றிலும் தேதி. கூடவே குரல் பதிவுகள். "இன்னிக்கு நாப்பத்தி ரெண்டு. அதுல மூணு கோணிக்கிச்சு. அவரு ஒத்துக்கல. தோண்டி எடுத்துட்டு மறுபடி அடிச்சோம்." அண்ணனின் காலண்டர் தாள்களில் கெட்டுப்போன ரிவெட் கணக்கே கிடையாது. அக்கா ஒன்றைக்கூட மறைக்கவில்லை. நான் அந்த வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, பதிவுகளை ஒவ்வொன்றாகக் கேட்டு நோட்டில் எழுதினேன். சில பதிவுகளில், எண்ணிக்கைக்குப் பிறகு, "சாப்ட்டியா?" என்ற கேள்வி இருந்தது. அதை மட்டும் எழுதவில்லை.

ஆய்வாளர் ஒரு வியாழக்கிழமை வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், குறைவாகப் பேசினார். டார்ச்சும் நீளக் கைப்பிடி போட்ட சின்னக் கண்ணாடியும் கொண்டுவந்திருந்தார். காலை முழுக்க ஃபைலைப் படித்துவிட்டு, இடது இறக்கை பக்கத்தில் விரலை வைத்துக் கேட்டார்: "வேலை செய்தவர் பேர் இங்க மாறுதே. இவங்க யாரு?"

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அக்கா முன்னால் வந்தார். "நான்தாங்க சார். இவருக்குக் கை ஒடிஞ்சிருந்திச்சு."

"எங்க கத்துக்கிட்டீங்க?"

"எங்கியும் இல்ல சார். ரெண்டு வருஷம் பின்னால நின்னு கட்ட புடிச்சேன். அதுல சத்தம் தெரிஞ்சுபோச்சு. நல்லா ஒக்காந்தா ஒரு சத்தம், ஒக்காரலன்னா வேற சத்தம்."

ஆய்வாளர் இரண்டு துண்டுத் தகடுகளை எடுத்துக் கொடுத்து, "பத்து அடிச்சுக் காட்டுங்க" என்றார். கம்ப்ரஸர் போட்டார்கள். அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு துப்பாக்கியை எடுத்தார். ஏழாவது ரிவெட்டில் தானே நிறுத்தி, "இது சரியில்ல சார்" என்றார். ஆய்வாளர் அளவுக் கருவியை வைத்துப் பார்த்தார். அது சரியில்லைதான். அவர் சிரித்ததை அன்று முதல் தடவையாகப் பார்த்தேன்.

பிறகு கண்ணாடியும் டார்ச்சுமாக இரண்டு இறக்கையையும் பார்த்து, மாற்ற வேண்டிய ரிவெட்டுகளை மார்க்கரால் வட்டமிட்டார். இடதில் நான்கு, வலதில் ஆறு. அண்ணன் அந்த ஆறையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவரைப் பார்க்காத மாதிரி டீ ஊற்றப் போய்விட்டார்.

அன்றே சான்றிதழ் கிடைத்துவிடவில்லை. எரிபொருள் குழாயில் ஒரு கிளிப் மாற்றச் சொன்னார். பெரிய குறை வேறு இடத்தில் வந்தது. விமானத்தின் எடையை அளந்த தராசுகளின் அளவுத்திருத்தச் சான்று, நாங்கள் எடை போட்ட தேதிக்கு ஒன்பது நாள் முன்பே காலாவதியாகியிருந்தது. பதினாறு வருஷமாக நான் செய்கிற வேலையே அதைப் பார்ப்பதுதான். அக்காவின் குரல் பதிவுகளில் இருந்த கவனத்தில், அந்த ஒரு தாளைப் புரட்டிப் பார்க்காமல் ஃபைலில் கோத்திருந்தேன்.

"மன்னிச்சுக்குங்கண்ணே" என்றேன்.

"வுடுமா. மறுபடி தராசுல ஏத்துனா போச்சு. நான் மறைச்சதவிட இது ஒண்ணும் பெருசில்ல" என்றார்.

மறுபடி எடை போட்டோம். ரிவெட்டுகளை மாற்றினார்கள். மழைக்காலம் முடிந்தபின் அனுமதி வந்தது. இறக்கைகளைக் கழற்றி, பழைய மெத்தைகளில் சுற்றி, லாரியில் ஒரு சின்ன ஓடுதளத்துக்குக் கொண்டுபோனார்கள். விதிப்படி முதல் பறப்புகளை அனுபவமுள்ள ஒரு விமானி தனியாகச் செய்தார். அவர் முதல் முறை தரையைவிட்டு எழும்பியபோது அண்ணன் கத்தவில்லை, கைதட்டவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். அக்கா பள்ளிப்பட்டுக்கு வீடியோ கால் போட்டு, போனை வானத்தைப் பார்த்துப் பிடித்திருந்தார். அந்தப் பக்கத்திலிருந்து, "எங்கடி? ஒண்ணும் தெரியலியே" என்று குரல் வந்துகொண்டே இருந்தது.

பறப்புப் பயிற்சி முடித்து உரிமம் வாங்கிய அண்ணன் இப்போது தானே ஓட்டுகிறார். பக்கத்து இருக்கையில் அக்கா. கம்பெனியில் போன ஆடிட்டின்போது விட்டுப்போன இரண்டு தாள்களை நான் எழுதவில்லை. விட்டுப்போனது என்றே எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அண்ணன் என்னையும் விமானத்தில் ஏறச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். அதன் ஒவ்வொரு தாளையும் படித்தவள் நான். இருந்தாலும் பயமாக இருக்கிறது. தை பிறக்கட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.