ஓடுகிற ஆளும் ஒரு மணப்பெண்ணும்

கேமராவின் தலையிலிருக்கும் சக்கரத்தைக் கடகடவென்று திருப்பி, "பூவுங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சாயிரா பானு மருதாணிக் கையின்மேல் குனிகிறார். சக்கரத்தில் பூப்படம் வந்து நின்றால் கிட்டத்தில் எடுக்க. மலை என்றால் மண்டபம் முழுக்க விழும். பெண் தலை முகத்துக்கு, ஓடுகிற ஆள் ஓடியாடும் பிள்ளைகளுக்கு. எல்லாவற்றையும் கையாலேயே சரிசெய்ய 'எம்' என்றோர் எழுத்தும் அதில் இருக்கிறது. வாங்கி ஆறு வருஷமாகிறது, அந்த எழுத்துப் பக்கம் சாயிரா அக்கா எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

வாரநாளில் கோவை கரும்புக்கடைப் பகுதியில் ஜாக்கெட் தைப்பவர். ஞாயிறானால் நிக்காஹ் வீடுகளில் பெண்கள் பகுதிக்குப் போட்டோக்காரர். ஆண்கள் நுழையாத இடமாயிற்றே, சூலூர் வரைக்கும் அவருக்கு ஏக கிராக்கி. ஆண்கள் பக்கம் படமெடுக்கும் சஹீருக்கு இது ஆறவே ஆறாது. எல்லாம் கேமராவே பார்த்துக்கொண்டால் இந்த அக்கா எதற்கு என்பார்.

"ரயில்ல ஏறுறவங்க அத்தன பேரும் எஞ்சின் ஓட்டோணுமாங்க?" என்று கேட்டுவிட்டு அக்கா நடையைக் கட்டுவார்.

போன ஞாயிறு, மணப்பெண் யுஸ்ரா சிரிப்பேனா என்று உட்கார்ந்திருந்தாள். முன்பல் கொஞ்சம் தூக்கல். துபாயில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை உவைஸ் அவளை உதடு மூடிய போட்டோவில்தான் பார்த்திருக்கிறார். வீடியோ காலிலும் துப்பட்டாவால் வாயை மறைத்தே பேசினாளாம். சிரித்த முகத்தைப் பார்த்தால் அவர் என்ன நினைப்பாரோ என்று அக்காவிடம் சொல்லி அழாத குறை.

அக்கா அவளை ஜன்னலோரம் நகர்த்தினார். சக்கரம் ஓடுகிற ஆளில் போய் நின்றது. மணப்பெண்ணை யாராவது அதில் எடுப்பார்களா? சாயிரா பானு எடுப்பார். பொத்தானை அமுக்கினால் விரலை எடுக்கிறவரைக்கும் தடதடவென்று படம் விழுமே!

"நீ வாயத் தொறக்கவே வேண்டாங் கண்ணு. என்ற கல்யாணத்துல நானும் இப்படித்தான், பல்லு தெரியக் கூடாதுன்னு ரெண்டு மணி நேரம் மூச்சப் புடிச்சுட்டு நின்னேன். கடைசில பாத்தா, போட்டோக்காரரு ஃபிலிமே போடாம எடுத்துப்போட்டாரு."

யுஸ்ரா பக்கென்று சிரித்துவிட்டாள். அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். இருபத்திரண்டு படம் விழுந்தது. பாதிக்குமேல் ஆடிப்போயிருந்தன, மிச்சத்தில் கண் மூடியிருந்தது. ஒன்றே ஒன்று மட்டும், அடடா, பல்லும் கன்னமும் கண்ணும் சேர்ந்து சிரித்தது. அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

திரையை அவளிடம் நீட்டி, அழிக்கிற பொத்தான்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டார். "புடிக்கலீன்னா சொல்லு கண்ணு, இப்பவே அழிச்சுப்போடறேன்."

யுஸ்ரா படத்தைப் பெரிதாக்கினாள். நேரே பல்லுக்குத்தான் போனாள். பிறகு மடியிலிருந்த போனை எடுத்து, அந்தத் திரையை அப்படியே ஒரு படம் பிடித்து, சுவருக்கு அந்தப் பக்கம் மாலையோடு உட்கார்ந்திருந்த உவைஸுக்கு அனுப்பினாள்.